எல்லாருக்கும் ஒரே சட்டி

அத்தியாயம் 14

"சரி. நாளையிலேர்ந்து அவ உன் சமையலையே சாப்பிடட்டும்."

படகுத்துறையில் நின்று, அக்கா தூருனின் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்தபடி குன்வோர் சொன்ன அந்த ஒரு வரி இரவெல்லாம் தூருனைத் தூங்கவிடவில்லை. சந்தோஷத்தில்தான். ஆனால் விடியும்போது அது பயமாக மாறியிருந்தது.

குன்வோரின் மகள் இல்வாவுக்குப் பால் ஆகாது. வயிறு உப்பும், சளி பிடிக்கும் என்கிற ரகமல்ல. முதல் பிறந்தநாளன்று அவள் அப்பா வீட்டு விருந்தில், "இத்துனூண்டு என்ன பண்ணிடும்?" என்று யாரோ பாலில் செய்த வனிலா சாஸ் ஒரு கரண்டி ஊட்டிவிட, குழந்தை மூச்சுத் திணறி நீலம் பாரித்துப் போனாள். பிழைத்தது மறுபிறப்பு. "நீ சும்மா ஊரைக் கூட்டுற" என்று சொன்ன அப்பன்காரன் அந்தக் கோடையிலேயே பெர்கன் நகரத்துக்குப் பெட்டி கட்டிவிட்டான். அன்றிலிருந்து குன்வோர் யாரையும் நம்புவதில்லை.

கூடப்பிறந்த அக்கா சமைக்கிற குழந்தைகள் காப்பகத்திலேயே மகளைச் சேர்த்தாள். ஆனால் சாப்பாடு மட்டும் வீட்டு டப்பாவில். மற்ற குழந்தைகள் நீள மேஜையில் சூடாகச் சாப்பிட, இல்வா மூலையில் தனி மேஜையில் ஆறிப்போன உருளைக்கிழங்கைக் கடித்துக்கொண்டு அவர்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தப் பார்வைதான் தூருனை அறுத்தது. அதற்காகத்தான் அவள் வாராந்திரச் சாப்பாட்டுத் திட்டத்தையே தலைகீழாக மாற்றினாள். இல்வாவுக்கென்று தனிச் சமையல் இல்லை. எல்லோருக்கும் பால் இல்லாத சமையல். கஞ்சி, மாட்டுப் பாலுக்குப் பதில் ஓட்ஸை அரைத்தெடுத்த பாலில். வாரத்தில் இரண்டு நாள் மீன், ஒரு நாள் பீன்ஸ் சூப், ரொட்டி முழுத் தானியத்தில். பெரிய குழந்தைகளுக்கான பால் ஜாடி மட்டும் தனியாக, அவர்கள் அறையிலேயே. சட்டி ஒன்றுதான்.

இன்று அந்தச் சட்டியில் பழுப்புக் குழம்பு. எண்ணெயில் மாவை நிறம் மாறும்வரை வறுத்து, மீன் எலும்பு வேகவைத்த தண்ணீரை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்து அடுப்பில் ஹாடக் மீன் உருண்டைகள் பொரிந்துகொண்டிருந்தன.

"என்னா வாசனை! கப்பல்ல நான் வெச்சாகூட இப்படி வராது."

பின்வாசலில் பனியை உதறிக்கொண்டு ஒட்வார் நின்றான். தூருனின் கணவனுக்குத் தம்பி. கடலுக்குப் போகும் சரக்குக் கப்பலில் சமையல்காரன். நான்கு வாரம் கடலில், நான்கு வாரம் கரையில். கரையில் இருக்கும் வாரங்களில் அவனுக்கு இந்த ஊரில் ஒரே வேலை, குன்வோரின் கதவில் ஏதாவது பழுது பார்ப்பது.

"வந்துட்டியா? அந்தக் கேரட்டைச் சீவு. சின்னதுங்களுக்கு நீளமா, மெலிசா. வேகவெச்சுதான் குடுக்கணும், பச்சையா குடுத்தா தொண்டையில மாட்டும்."

"கப்பல்ல பதினெட்டு பேருக்குப் பொங்கிப் போடறவன்கிட்ட கேரட் சீவச் சொல்ற. நல்லாருக்கு!"

"உன் பதினெட்டு பேருக்கும் பல்லு இருக்கு."

சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்தான். கொஞ்ச நேரம் சீவினான். பிறகு, கேரட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

"யாரு?"

"யாருன்னா கேக்கற?"

"நீ சரிபண்ண கதவுக் கீல் மறுபடியும் கிறீச்சுங்குதாம்."

"அது கிறீச்சுன்னாதானே நான் போக முடியும்!"

தூருன் கரண்டியோடு திரும்பி அவனைப் பார்த்தாள். முப்பத்தாறு வயசு மனுஷனின் காது மடல் சிவந்திருந்தது. இவன் நல்லவன். இவனை குன்வோருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தன் பெண்ணுக்கு அருகில் ஒரு ஆளை விடுவதற்கே அவளுக்கு இத்தனை நாளாயிற்று. நேற்று அவள் கொடுத்த சம்மதம் சாப்பாட்டுக்கு மட்டுமல்ல என்று தூருனுக்குத் தெரியும்.

அப்போதுதான் காப்பகத்தின் தலைவி ஹெர்டிஸ் கதவில் எட்டிப் பார்த்தாள்.

"தூருன், ஒரு நிமிஷம் ஆபீசுக்கு வா. வெள்ளிக்கிழமை வாஃபிளை நிறுத்தினது பத்தி ஒரு அப்பா போன்ல இருக்காரு. என்னால முடியல."

"வாஃபிளுக்குப் பதிலா வாழைப்பழ ஓட்ஸ் அடைன்னு போட்டிருக்கேனே?"

"'வாஃபிள் இல்லாம அது எப்படி வெள்ளிக்கிழமை?'ன்னு கேக்கறாரு. நீயே சொல்லு."

தூருன் அடுப்பைத் தணித்தாள். "ஒட்வார், கிளறிக்கிட்டே இரு. அடிபிடிக்க விடாத."

"போ, போ. நான் பாத்துக்கறேன்."

* * *

இல்வா இன்று நீள மேஜையில் உட்கார்ந்தாள்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு அது பெரிய விஷயமும் இல்லை. பக்கத்திலிருந்த பையன் நகர்ந்து இடம் விட்டான், அவ்வளவுதான். ஆனால் இல்வா தன் தட்டையும் அவன் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அதே உருண்டை. அதே குழம்பு. பிறகு கரண்டியை முஷ்டியால் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தட்டு காலியாகும்வரை நிமிரவில்லை.

"இன்னும்!"

சின்ன வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் வென்கெ சிரித்து, இன்னொரு கரண்டி ஊற்றினாள். வாசலில் நின்ற தூருன் காலித் தட்டைப் படம் எடுத்து குன்வோருக்கு அனுப்பினாள். ஊரை ஒட்டி மலைகளுக்கிடையே நீளும் கடற்கழியான ஃபியோர்டைக் கடந்து கார்களை ஏற்றிச் செல்லும் படகில் குன்வோர் தளப் பணியாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

'அழுதுட்டேன். தளத்துல எல்லாரும் என்னையே பாக்கறாங்க. உன்னாலதான்.'

அதைப் படித்துவிட்டு ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூருன் சமையலறைக்கு வந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் சின்னக் குழந்தைகளைக் கம்பளி உடுப்பில் திணித்து, தலைவரை மூடி, தள்ளுவண்டிகளில் படுக்கவைத்து வெளியே உருட்டிப் போனார்கள். பிப்ரவரிக் குளிரில்தான் தூக்கம் நன்றாக வரும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. சார்ப்பின் கீழ் வண்டிகள் வரிசையாக நின்றன. சுற்றிலும் பனி. சத்தமே இல்லை.

உள்ளே, ஒட்வார் சட்டியின் அடியில் மிஞ்சியதை ரொட்டியால் வழித்துத் தின்றுகொண்டிருந்தான்.

"குழம்பு இன்னிக்கு எப்படி? உண்மையைச் சொல்லு," என்றான்.

தூருன் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "ஏன், என் குழம்பு என்னிக்கு நல்லா இல்ல? ஆனா இன்னிக்கு லேசா ஒரு தித்திப்பு..."

"அதான் என் கைமணம்." அவன் கண்ணைச் சிமிட்டினான். "ருசி பாத்தேன், என்னவோ குறையற மாதிரி இருந்துச்சு. என் டப்பாவுல இருந்த ப்ரவுன் சீஸை ரெண்டு சீவு சீவிப் போட்டேன். அது இல்லாம ஒரு குழம்பா?"

தூருனின் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டித் தண்ணீரில் விழுந்தது.

"என்ன போட்ட?"

"ப்ரவுன் சீஸ். எங்கம்மா போடுவா, உங்கம்மா போடுவா, ஊரே..."

"ஒட்வார். அது எதுலேர்ந்து செய்யறது?"

அவன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். பால் என்று ஒரு சொட்டு இந்தச் சமையலறைக்குள் வரக்கூடாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். வெண்ணெய் டப்பாவைக்கூட வெளியே வைத்துவிட்டுத்தான் வந்திருந்தான். ஆனால் ப்ரவுன் சீஸ் அவன் மனதில் பாலாக இருந்ததே இல்லை. பழுப்பாக, இனிப்பாக, கட்டியாக, பிறந்ததிலிருந்து டப்பாவில் இருக்கும் ஒன்று. குழம்பு கொதித்தால் கை தானாக அதைத் தேடிப் போகும். இன்றும் போயிருக்கிறது.

அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை தூருன் பார்த்தாள். அடுத்த கணம் அவள் வெளியே ஓடினாள்.

* * *

செருப்பு மாட்டவில்லை. பனி காலுறையை நனைத்தது உறைக்கவில்லை.

எல்லா வண்டிகளும் ஒன்றுபோல இருந்தன. எல்லாவற்றின் மேலும் அதே நீல உறை. முதல் உறையை விலக்கினாள், வேறு குழந்தை. அடுத்தது, அதுவும் வேறு.

"இல்வா எங்க? வென்கெ! இல்வா எதுல?"

மூன்றாவதில் இருந்தாள்.

கன்னம் சிவந்திருந்தது. ஆனால் இந்தக் குளிரில் எல்லாக் குழந்தைகளின் கன்னமும்தான் சிவந்திருக்கிறது. இது குளிரா, அதுவா? தூருன் குனிந்து முகத்தோடு முகம் வைத்தாள். தூங்குகிறாளா? தூக்கம்தானா இது? உதடு தடித்திருக்கிறதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா?

பிறகு அதைக் கேட்டாள். மூச்சு உள்ளே போகும்போது ஒரு மெல்லிய விசில். கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல.

கழுத்துப் பொத்தானைப் பிய்த்தாள். தொண்டையிலிருந்து நெஞ்சு வரைக்கும் திட்டுத் திட்டாகத் தடிப்பு.

"ஊசி! சிவப்புப் பை எங்க?"

பால் பட்டு மூச்சு அடைத்தால் போடவேண்டிய அவசர ஊசி அதில்தான்; இல்வா எங்கே போனாலும் பை கூடப் போகவேண்டும் என்பது விதி. வண்டியின் கைப்பிடியில் பை இல்லை. தனி மேஜையின் பக்கத்து ஆணியில்தான் அது எப்போதும் தொங்கும். இன்று இல்வா அந்த மேஜையில் உட்காரவில்லை. பையையும் யாரும் எடுக்கவில்லை.

வென்கெ அழுதுகொண்டே ஓடிப்போய் எடுத்து வந்தாள். தூருன் பனியிலேயே உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டாள். பனி உடுப்பின் ஜிப். அதற்குள் கம்பளி. அதற்குள் இன்னொரு கம்பளி. இந்த ஊரில் குழந்தையைத் தொடுவதற்கு எத்தனை அடுக்குகளைக் கடக்க வேண்டியிருக்கிறது! தொடை தெரிந்ததும் ஊசியை அழுத்தினாள். டக். அழுத்தியபடியே பிடித்துக்கொண்டாள்.

இல்வா கண்ணைத் திறந்தாள். ஒன்றும் புரியாமல் பெரியம்மாவைப் பார்த்தாள். அழ வாயெடுத்தாள்; சத்தம் வரவில்லை.

"அழுடி. அழு, என் தங்கம். கத்து!"

வந்தது. கரகரத்த, கிழிந்த அழுகை. அதைவிட இனிய சத்தத்தை தூருன் கேட்டதில்லை.

ஹெர்டிஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டாள். அவசர உதவி மையத்தின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"குழந்தையை மடியில உட்கார வெச்சபடியே பிடிச்சுக்கங்க. நிக்க விடாதீங்க. உள்ளே கூட்டிட்டுப் போங்க. இன்னொரு ஊசி இருக்கா?"

"இல்ல. அது அவங்கம்மா பையில இருக்கு."

"ஆம்புலன்ஸ் அக்கரையில இருக்கு. படகை நிறுத்தி வெக்கச் சொல்லியிருக்கோம். ஏத்திக்கிட்டு நேரா உங்க பக்கம் வரும்."

தூருன் தலை நிமிர்ந்தாள். வாசலில் நின்ற ஒட்வாரின் கண்ணும் அவள் கண்ணும் சந்தித்தன.

அந்தப் படகில்தான் குன்வோர் இருக்கிறாள். ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டுக் கைகாட்டப் போகிறவளே அவள்தான்.

தூருன் தங்கையை அழைக்கத் தன் போனை எடுத்தாள்.

"போனைக் குடு, நான் சொல்றேன்," என்றான் ஒட்வார். "நான்தான் போட்டேன்னு நானே சொல்றேன்."

"இப்ப வேண்டாம். முதல்ல குழந்தை. மத்ததெல்லாம் அப்புறம்."

குன்வோர் உடனே எடுத்தாள். பின்னால் இன்ஜின் இரைந்தது.

"தூருன், இப்ப பேச முடியாது. ஆம்புலன்ஸ் ஒண்ணு ஏறுது. உங்க பக்கம்தான் வருது, பாவம் யாருக்கு என்னவோ..."

"குன்வோர்."

"ம்?"

"குன்வோர், அது..."

"சொல்லாத." குரல் தேய்ந்தது. "தூருன், சொல்லாத."

"ஊசி போட்டாச்சு. அழறா, கேக்குதா? நல்லா மூச்சு விடறா. நீ அந்த வண்டியிலயே ஏறி வந்துடு."

தூருன் குழந்தையை உள்ளே தூக்கிவந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

ஜன்னலிலிருந்து ஃபியோர்டு முழுவதும் தெரிந்தது. வெள்ளைப் படகு அக்கரையை விட்டுப் பிரிந்து, நகர்கிறதா இல்லையா என்றே தெரியாமல் வந்துகொண்டிருந்தது. மடியில் இல்வா விக்கி விக்கி அழுதாள். அழுகை நின்றபோதெல்லாம் தூருனுக்கு நெஞ்சு நின்றது. ஒருமுறை மறுபடியும் அந்த விசில் கேட்டதுபோலிருந்தது. காதை அவள் முதுகில் வைத்தாள். இருக்கிறதா? இல்லையா? ஊசியின் வேலை எவ்வளவு நேரம் நிற்கும்? படகு இன்னும் பாதி வழியில்தான்.

"இங்க பாரு, அம்மா வர்றா. அந்த வெள்ளைப் படகுல. பாத்தியா?"

"அம்மா," என்றாள் இல்வா, தடித்த உதட்டால்.

ஒட்வார் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தான்.

* * *

ஆம்புலன்ஸ் நிற்பதற்கு முன்பே குன்வோர் குதித்து உள்ளே ஓடிவந்தாள். படகுச் சீருடையின் மஞ்சள் அங்கி. கையில் இரண்டாவது ஊசி. அக்காவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ்காரர் குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். விரலில் பிராணவாயு அளக்கும் ஒரு கிளிப்பை மாட்டினார்.

"நேரத்துக்குப் போட்டிருக்கீங்க. இப்ப தேவலாம். ஆனா இது சில மணி நேரம் கழிச்சுத் திரும்ப வரலாம். ராத்திரி ஆஸ்பத்திரியில வெச்சுதான் பாக்கணும். என்ன சாப்பிட்டா?"

"மீன் உருண்டை, உருளைக்கிழங்கு, கேரட்." தூருனின் நாக்கு ஒட்டிக்கொண்டது. "குழம்பு. குழம்புல ப்ரவுன் சீஸ் இருந்துச்சு."

குன்வோர் மெதுவாகத் திரும்பினாள்.

"ப்ரவுன் சீஸா? உன் சமையல்கட்டுலயா?"

அவள் பார்வை ஒவ்வொரு முகமாகப் போனது.

"யார் போட்டது?"

ஒட்வார் எழுந்து நின்றான். குன்வோர் நெஞ்சோடு அணைத்திருந்த அந்தச் சின்ன, தடித்த முகத்தைப் பார்த்தான். வார்த்தை வரவில்லை.

தூருனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"என் சட்டி, குன்வோர். நான்தான் பாத்திருக்கணும்."

"ஒரே ஒரு நாள்." குன்வோர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இத்தனை மாசமா டப்பா கட்டிக் குடுத்தேன். எல்லாரும் என்னைப் பைத்தியம்னாங்க. ஒரே ஒரு நாள் உன்னை நம்பினேன்."

"நானும் வரேன். குன்வோர், நான் கூட..."

"நீ வேண்டாம்." அவள் வெளியே போய் ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டினாள். தூருனை நோக்கி அல்ல. "ஒட்வார், நீ வா. எனக்குத் தனியா போக பயமா இருக்கு."

அவன் தூருனைப் பார்த்தான். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினான். கதவு சாத்திக்கொண்டது.

* * *

"வீட்டுக்குப் போ, தூருன்," என்றாள் ஹெர்டிஸ். "பை தொங்கிட்டே இருந்தது எங்க தப்பு. அதை நான் குன்வோர்கிட்டச் சொல்றேன். போ."

"குழந்தைங்க எழுந்துக்குவாங்க. அவங்களுக்குத் தின்ன ஏதாவது வேணும்."

மாலைச் சிற்றுண்டிக்கு முறுகல் ரொட்டி, தக்காளிச் சாறில் போட்ட மேக்கரல் மீன், பேரிக்காய்த் துண்டுகள். வாராவாரம் செய்வதுதான். ஆனால் இன்று ரொட்டிப் பாக்கெட்டைத் திருப்பி, அதில் என்னென்ன இருக்கிறது என்று படித்தாள். கீழே வைத்தாள். மறுபடியும் எடுத்துப் படித்தாள். எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை. பேரிக்காயை நறுக்கக் கத்தியை எடுத்தவள், கழுவிய கத்தியையே மறுபடியும் கழுவினாள். ஒரு பேரிக்காயைப் பார்த்தே அவளுக்குப் பயமாக இருந்தது.

போன் அடித்தது. ஒட்வார்.

"இல்வா?" அவள் குரல் கிறீச்சிட்டது. "இல்வாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. தூங்கறா. மூச்சு சீரா இருக்கு, ஆம்புலன்ஸ்காரரு பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருக்காரு." பின்னால் காற்றும் இன்ஜினும். "நாங்க படகுல இருக்கோம். நான் மட்டும் வெளிய தளத்துக்கு வந்தேன். தூருன்..."

"சொல்லு."

"அவ என் தோள்ல சாஞ்சு அழுதா. இனிமே கப்பலுக்குப் போகாத, எங்ககூடவே இருந்துடுன்னா. உலகத்துல நம்பறதுக்கு எனக்கு நீ ஒருத்தன்தான்னா. இப்ப நான் என்ன சொல்லட்டும்? இந்த நேரத்துல எப்படிச் சொல்லுவேன்? சொன்னா ராத்திரி ஆஸ்பத்திரியில அவ தனியா கிடப்பா. சொல்லலைன்னா..."

தூருன் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டால், மகளுக்கு அது திரும்ப வருமா என்று தெரியாத இந்த இரவில், தங்கைக்குச் சாய ஒரு தோள்கூட இருக்காது. சொல்லாவிட்டால், தன் குழந்தையின் உணவில் கைவைத்தவனைத் தெரியாமலேயே அவள் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போவாள்.

"ஒட்வார், இங்க பாரு..."

அந்தப் பக்கம் ஒரு இரும்புக் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம். காற்றைக் கிழித்துக்கொண்டு குன்வோரின் குரல் கேட்டது.

"சொன்னா நான் தனியா கிடப்பேனா? எதைச் சொன்னா, ஒட்வார்?"